தேக்கா சந்தியில் பிரம்மத்துக்காகக் காத்திருந்த காலை

மனைவியின் மீது பொறாமைப்படும் கணவர்கள் உலகில் ஏராளம். அவளுடைய சம்பளம், அவளுடைய தம்பிகள், பிள்ளைகள் அவளிடம் மட்டும் வந்து சொல்லும் ரகசியங்கள் என்று அதற்குக் காரணங்களும் ஏராளம். ஆனால் மனைவி பிரம்மத்தை அறிந்துவிட்டாள் என்பதற்காக, அதுவும் அவள் காலமான பிறகு, பொறாமைப்பட்டவன் சிங்கப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும். சேர்ந்து ஒரு சங்கம் வைத்துவிடலாம். சங்கம் வைப்பதற்கு நம்மவர்களுக்குக் காரணமா வேண்டும்?)

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்றவன். அத்வைதத்தில் 'சாட்சி' என்னும் கருத்தைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவன். இரண்டாவது என்று ஒன்று இல்லாத நிலையைப் பற்றிக் கோயில் மண்டபங்களிலும் சமூக மன்றங்களிலும் பல்லாண்டுகள் உரையாற்றியவன். அந்த உரைகளின்போது முன்வரிசையில் அமர்ந்து, நேரம் கடக்கும்போதெல்லாம் தன் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டியவள் என் மனைவி தேவகி. அத்வைதத்துக்கு அவளுடைய பங்களிப்பு அவ்வளவுதான் என்று நான் எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு அவள் காலமானாள். அதைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை.

வியாழக்கிழமைதோறும் அவள் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு தியான வகுப்புக்குப் போய்வருவாள். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. நடத்துபவர் பத்மா அம்மையார் என்னும் ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. "எந்த நூலை அடிப்படையாக வைத்து நடத்துகிறார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நூலெல்லாம் இல்லைங்க. உக்காரச் சொல்வாங்க, உக்காருவோம்" என்றாள் தேவகி.

நூல் இல்லாத வகுப்பை நான் உடற்பயிற்சி என்னும் தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அவள் போன பிறகு என் மகள் நிர்மலா என்னை விடவில்லை. "அப்பா, வீட்டுக்குள்ளயே புத்தகத்தோட உக்காந்திருக்காதீங்க. அம்மா போன கிளாசுக்குப் போயிட்டு வாங்க. அட்லீஸ்ட் நாலு மனுஷங்க முகத்தையாவது பாருங்க" என்றாள். போனேன். போனவுடன் என்னை ஓர் உரை நிகழ்த்தச் சொல்வார்கள் என்ற எதிர்பார்ப்பு உள்ளூர இருந்தது. சட்டைப் பையில் குறிப்புகள்கூட வைத்திருந்தேன். பத்மா அம்மையார் என்னைப் பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமரச் சொன்னார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். என் தத்துவப் புலமையைப் பற்றி அந்த அறையில் எழுந்த கேள்வி அது ஒன்றுதான்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் சேவியர் அமர்ந்திருந்தார். பள்ளித் துணை முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய உடம்பு, பெரிய மீசை. ஞாயிறுதோறும் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுபவர். "பி.பி.க்குன்னு டாக்டர் அனுப்பிவிட்டார் புரொஃபசர். நம்ம ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டேன், மூச்சு விடத்தானே போறே, போன்னுட்டார்" என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

நான் சேர்ந்து சில வாரங்கள் கழிந்திருக்கும். தியானம் முடிந்து மணி அடித்ததும் சேவியர் கண்ணைத் திறக்காமலேயே பேசினார்.

"என்னமோ ஆச்சும்மா. நான் இல்ல. ஃபேன் சத்தம் இருந்துச்சு, ஆனா அதைக் கேக்குறதுக்கு ஆள் இல்ல. பயமும் இல்ல. மணி அடிச்சப்புறம்தான் நான் வந்தேன்."

"நல்லது" என்றார் பத்மா அம்மையார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அது மனம் தற்காலிகமாக ஒடுங்கிய நிலையா, ஆழ்ந்த உறக்கமா, அல்லது அதற்கும் அப்பாற்பட்டதா என்று முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன்.

"அதெல்லாம் தெரியாது புரொஃபசர். நல்லா இருந்துச்சு லா." (இந்த 'லா'வுக்குப் பொருள் தேட வேண்டாம்; சிங்கப்பூர்ப் பேச்சின் வால் அது.)

எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்காக வந்த ஒரு கத்தோலிக்கருக்கு, என் துறையில், என் பக்கத்து நாற்காலியில், ஒரு மேற்கோள்கூடத் தெரியாமல் அது வாய்க்கிறது. வாழ்நாள் முழுவதும் உணவைப் பற்றி எழுதியவன் பட்டினியாக நிற்க, வழிப்போக்கர் உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டு ஏப்பமும் விடுவதைப் போல இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அந்த மனிதரை மன்னித்திருப்பேன். அவர் மேலே சொன்னார்:

"ஆனா இது சின்னதும்மா. தேவகி அக்காவுக்குத் தேக்கா சிக்னல்ல வந்த மாதிரி இல்ல."

அறையில் இருந்த அனைவரும் தலையசைத்தார்கள். அனைவருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

"தேக்கா சிக்னலில் என்ன?" என்று, குரலைச் சமனாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

சேவியர் திகைத்துப் போனார். "உங்களுக்குத் தெரியாதா புரொஃபசர்? போன வருஷம், அதுக்கும் முந்தின வருஷமோ, நான் மீன் வாங்கிட்டு வர்றேன். அக்கா ரோட்டைக் கிராஸ் பண்ண டிராலியோட நிக்கிறாங்க. பச்சை விழுது, எல்லாரும் போறாங்க, அக்கா போகலை. மறுபடியும் பச்சை விழுது, அப்பவும் போகலை. என்னடான்னு கிட்டப் போய்ப் பார்த்தா... அந்த மாதிரி ஒரு முகத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல லா. சர்ச்சுல கூட இல்ல. அடுத்த கிளாஸ்ல கேட்டேன். பஸ்ஸு, ரோடு, முருங்கைக்காய், நான், எல்லாம் ஒண்ணா இருந்துச்சு சேவியர், எது நான்னு பிரிக்கத் தெரியலைன்னாங்க."

"என்னிடம் அவள் சொல்லவில்லை."

சேவியர் மின்விசிறியைப் பார்த்தார். பத்மா அம்மையார் தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சேவியர்தான் சொன்னார்: "நான் கேட்டேன், புரொஃபசர்கிட்டச் சொன்னீங்களான்னு. 'சொன்னா அது எந்த வகைன்னு சொல்லிடுவாரு. அப்புறம் எனக்கு அவர் சொன்னதுதான் ஞாபகம் இருக்கும், அது இருக்காது'ன்னாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புத்தான்; அதுதான் இன்னும் மோசம். "அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா..." என்று சேவியர் தொடர்ந்தார். "பேருந்துக்கு நேரமாகிவிட்டது" என்று எழுந்துவிட்டேன். (நான் எப்போதும் ரயிலில் போகிறவன்.)

அன்று தொடங்கியது. உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் அந்தச் சாலைச் சந்திதான் கண்முன் நின்றது. தேவகியின் எல்லா முகங்களும் எனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தேன்: மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வைத்துக்கொள்ளும் முகம், என் உரை நீளும்போது வரும் முகம், மருத்துவமனையில் கடைசியாக இருந்த முகம் உட்பட. ஒன்று விடுபட்டிருக்கிறது. அதை மீன் பையும் கையுமாக நின்று சேவியர் பார்த்திருக்கிறார். சாட்சியைப் பற்றி ஆய்வேடு எழுதியவன் நான். சாட்சியாக நின்றவர் அவர்.

அதைவிடவும் குடைந்தது மற்றொன்று. இரண்டாவது இல்லாத நிலை, இரண்டாவது இல்லாத நிலை என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருப்பேன்! அப்படி இல்லாமல் போகும் அந்த இரண்டாவது ஆள் நானாகவே இருக்கக்கூடும் என்பது அப்போதுதான் உறைத்தது. பேருந்து இருந்திருக்கிறது. சாலை இருந்திருக்கிறது. முருங்கைக்காய்க்குக்கூட இடம் இருந்திருக்கிறது. என்னைப் பற்றிப் பேச்சே இல்லை. முருங்கைக்காயின் மீது பொறாமைப்பட்ட முதல் அத்வைதியும் நானாகத்தான் இருப்பேன்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கு வேண்டியது ஞானமன்று. அவள் போன இடத்துக்கு ஒரே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். நான் இல்லாமல் அவள் அங்கே எப்படி இருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

படித்தவன் முட்டாள்தனம் செய்தால் அதை முறைப்படி செய்வான். சேவியரின் வாக்குமூலத்திலிருந்து நிபந்தனைகளைத் தொகுத்தேன். இடம்: தேக்கா சந்தைக்கு எதிரே, சிராங்கூன் சாலையைக் கடக்கும் சந்தி. காலம்: காலை, சந்தையிலிருந்து திரும்பும் வேளை. கருவிகள்: தேவகியின் இருசக்கர டிராலி, முருங்கைக்காய். கிழமையும் தெரிந்தது. அந்த வகுப்பினர் வாரத்தில் ஒருநாள் நண்பகல்வரை மௌனம் காப்பது வழக்கம். தேவகி தேர்ந்துகொண்டது புதன்கிழமை. (பல ஆண்டுகளாக, புதன்கிழமைக் காலைகளில் அவளுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று எண்ணி, நான் மிகுந்த பணிவோடு நடந்துகொண்டிருக்கிறேன்.) சேவியர் அவளைப் பார்த்ததும் அப்படி ஒரு மௌன நாளில்தான் என்று பத்மா அம்மையார் உறுதிப்படுத்தினார். புதன்கிழமையில் எனக்கு மற்றொரு வசதியும் இருந்தது: வகுப்பு இல்லாததால் வகுப்புக்காரர் எவரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். (சேவியர் அன்று மீன் வாங்க வந்தது தற்செயல் என்று வைத்துக்கொண்டேன்.)

அந்தப் புதன்கிழமை, எழுந்ததிலிருந்து வாய் திறக்காமல், டிராலியை இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். காய்கறி வாங்குவது எனக்குப் பழக்கமில்லாத துறை. எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டதற்கு, பேச முடியாததால் கையை அகல விரித்துக் காட்டினேன். அவர் பெருந்தன்மையோடு புரிந்துகொண்டார். டிராலி நிரம்பி, அதன் வாய்க்கு மேல் முருங்கைக்காய்கள் ஈட்டிகளைப் போல நீட்டிக்கொண்டிருக்க, சந்தியில் வந்து நின்றேன்.

கண்ணைப் பாதி மூடினேன். பேருந்து ஒன்று பெருமூச்சு விட்டு நின்றது. எங்கோ பூக்கடையிலிருந்து மல்லிகை, அதன்மேல் மீன். சிக்னலில் பச்சை மனிதன் வந்தான், எல்லாரும் கடந்தார்கள். நான் கடக்கவில்லை. 'நான்' போய்விட்டதா என்று உள்ளே பார்த்தேன். பார்த்தது நான்தான். சரி என்று அதை விட்டுவிட்டுச் சாலையின் ஓசையில் கரைய முற்பட்டேன். கரைகிறேனா என்று ஓர் ஆள் கூடவே நின்று கவனித்துக்கொண்டிருந்தான். அவனும் நான்தான். பச்சை மனிதன் மீண்டும் வந்தான், மீண்டும் போனான். பேருந்து தனியாக இருந்தது. சாலை தனியாக இருந்தது. முருங்கைக்காய் என் விலாவில் குத்திக்கொண்டு மிகத் தனியாகவே இருந்தது.

"அங்கிள், எங்க போகணும்? ரொம்ப நேரமா நிக்கிறீங்களே."

கண்ணைத் திறந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கைகளில் பைகளோடு பின்னால் அவர் கணவர். என்னைவிடச் சில வயதே இளையவர் என்னை அங்கிள் என்றதை உள்வாங்கிக்கொண்டு, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு மீண்டும் கண்ணை மூடினேன்.

"ஏங்க, இவருக்குப் பேச்சு வரலை போல இருக்கு."

"விடு வாசுகி. யாருக்காவது காத்துக்கிட்டு இருப்பாரு."

"யாருக்குக் காத்துக்கிட்டு இருப்பாரு? நான் அந்தக் கடையிலேருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன், எத்தனை பச்சை போயிடுச்சு. டிராலியைப் பாருங்க. ஒரு வீட்டுக்கு இவ்வளவு முருங்கைக்காயா? ஒரே சாமானை மறந்து மறந்து வாங்குவாங்கன்னு டிமென்ஷியா ட்ரெயினிங்ல சொன்னாங்க."

"போன வாரம் ட்ரெயினிங் போனதுலேருந்து பாக்குற வயசானவங்களையெல்லாம் இப்படித்தான். நேத்து நான் கண்ணாடியைத் தேடுனதுக்கு என்னையே உக்கார வச்சுக் கேள்வி கேட்டா, சார்" என்று அவர் என்னிடம் முறையிட்டார்.

மௌனத்தில் இருக்கிறேன் என்பதைச் சைகையால் உணர்த்த முயன்றேன். வாயைத் தொட்டேன். நெஞ்சைத் தொட்டேன். உட்பொருள் விளங்கட்டும் என்று வானத்தையும் காட்டினேன். (வரிசையாகப் பார்த்தால், பசிக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, போகப் போகிறேன் என்று ஆகிறது. அப்போது தோன்றவில்லை.)

"ஐயோ, நெஞ்சு வலியா? ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!"

மௌனம் முறிந்தது. பதற்றம் வந்தால் என் தமிழ் மேடையேறிவிடும் என்பது என் பழைய குறை.

"அம்மையே, நான் அறிவு பிறழ்ந்தவன் அல்லன். நண்பகல்வரை மௌன விரதம் பூண்டிருக்கிறேன்."

வாசுகி கணவரின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? மௌனமா இருக்கேன்னு பேசிக்கிட்டே சொல்றாரு. அதுவும் நியூஸ் வாசிக்கிற மாதிரி."

பிறகு அவர் செய்த செயலை எதிர்க்க எனக்கு வகை தெரியவில்லை. டிராலியின் கைப்பிடியைப் பற்றி இழுத்துக்கொண்டு பக்கத்துக் காப்பிக் கடைக்கு நடந்துவிட்டார். அது தேவகியின் டிராலி. பின்னாலேயே போனேன். பணிந்து வருகிறவர்களிடம் அன்பாகப் பேச வேண்டும் என்பதும் பயிற்சியில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். காப்பி வரவழைத்து, ஆற்றி, கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை, அங்கிள்?"

"புதன்" என்றேன், ஒரு பேராசிரியருக்குரிய உறுதியோடு.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னைக்கு வியாழன்" என்றார் வாசுகி, மிகவும் மெல்ல.

என் வீட்டில் கிழமைகள் தேவகியின் பொறுப்பில் இருந்தன. அவளுக்குப் பிறகு அவற்றை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஆனால் இதைக் காப்பிக் கடையில் முன்பின் தெரியாதவர்களுக்கு விளக்க முடியுமா? உண்மையைச் சுருக்கமாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "என் மனைவி இதே இடத்தில் தன்னை மறந்து நின்றிருக்கிறாள். நானும் அவ்வாறு நின்று பார்க்க வந்தேன்."

"பாவம்ங்க, இவர் வைஃபுக்கும் மறதி" என்றார் வாசுகி. "அவங்க இப்ப எங்க அங்கிள்? வீட்டுலயா?"

இல்லை என்பது சின்னஞ்சிறு சொல். எந்த மொழியிலும் அதுதான் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் ஒன்று.

"ஆமாம்" என்றேன்.

அவர் என் கைபேசியைக் கேட்டு வாங்கினார். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்று அதில் இருந்தது தேவகியின் எண். அந்த இணைப்பை நான் துண்டிக்கவில்லை. அவளுடைய கைபேசி வீட்டில், கட்டிலில் அவள் பக்கத்துச் சிறு மேசையில், மின்னேற்றியில் இருக்கிறது. வாசுகி அழைத்தார். மணி போவது எனக்கும் கேட்டது. அந்த மேசை மீது அது எப்படி அதிர்ந்து மெல்ல நகரும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

"எடுக்க மாட்டேங்கிறாங்களே."

"அவள் உடனே எடுக்க மாட்டாள். ஒலியை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள்" என்றேன். அது பொய்யன்று.

"இன்னொரு தடவை அடிக்கட்டுமா?"

"அடியுங்கள்" என்றேன்.

(இந்த இடத்துக்கு என்னிடம் அடைப்புக்குறி விளக்கம் ஏதும் இல்லை.)

அப்போதுதான், அன்று வியாழக்கிழமை என்பதற்கு அசைக்க முடியாத சான்றாக, நாற்காலியில் போட்டுக்கொள்ளும் தியான விரிப்பைத் தோளில் தொங்கவிட்டபடி சேவியர் சாலையோரம் வந்தார்.

"புரொஃபசர்! கிளாசுக்கு வராம இங்க என்ன காப்பி? இதென்ன, முருங்கைத் தோட்டத்தையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

வாசுகி பாய்ந்து எழுந்தார். "சார், இவரைத் தெரியுமா உங்களுக்கு? வீட்டுல இவரு வைஃப் போனை எடுக்க மாட்டேங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

சேவியர் என்னைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். விரிப்பைக் கீழே வைத்தார்.

"போனை வச்சுடுங்க, சிஸ்டர். அக்கா தவறிட்டாங்க."

நிறுத்தும் பொத்தான் வாசுகிக்கு உடனே அகப்படவில்லை. மணி இன்னும் சற்று நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் கணவர் தம் காப்பியைக் கூர்ந்து பார்த்தார். வாசுகியின் கண்கள் நிறைந்தன. எனக்கு அந்நேரம் தோன்றியது என்ன தெரியுமா? துக்கமன்று, வெட்கமும் அன்று. என் மனைவியைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தையும் இந்த மனிதர்தான் சொல்கிறார் என்ற எரிச்சல். அவள் முகத்தைப் பார்த்தவர் இவர், அவள் வார்த்தையைக் கேட்டவர் இவர், இப்போது இதுவும். பொறாமைக்கு இடம் பொருள் ஏவல் தெரியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த எரிச்சலில்தான் கேட்டுவிட்டேன். சாதாரண நிலையில் கேட்டிருக்க மாட்டேன்.

"சேவியர், அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது?"

"சொல்லத் தெரியலையே புரொஃபசர். இருங்க, காட்டுறேன்" என்று அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைப் பாதி மூடி, மீசைக்கடியில் மெல்லப் புன்னகைத்து, தேவகியாக மாற முயன்றார். அந்தப் பெரிய உடம்பு காப்பிக் கடை நடுவில் பேரின்பத்தில் ஆழ்ந்தது. மேசை துடைக்க வந்தவர் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். "இவருக்கும் முடியலையா?" என்று வாசுகியின் கணவர் என் காதோடு கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவள் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவையா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் குறித்து வைக்கவில்லை.

"சரியா வரலை" என்று கண்ணைத் திறந்தார் சேவியர். "ஆனா அது கொஞ்ச நேரம்தான் லா. அதுக்கப்புறம் நடந்ததை அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்க பஸ்ஸுன்னு எழுந்திருச்சுப் போயிட்டீங்க."

"என்ன நடந்தது?"

"நான் தோளைத் தொட்டேன். முழிச்சாங்க. என்னைப் பார்த்தாங்க, யாருன்னு தெரியலை. ரோட்டைப் பார்த்தாங்க, எந்த இடம்னு தெரியலை. 'தேவகி அக்கா'ன்னு கூப்பிடுறேன், அது யார் பேரோங்கிற மாதிரி நிக்கிறாங்க. அப்புறம் திடீர்னு, 'ஐயையோ, மணி என்ன? அவருக்குப் பசிச்சிருக்குமே! பசி வந்தா உபநிஷத்து பேச ஆரம்பிச்சிடுவாரே!'ன்னு டிராலியை இழுத்துக்கிட்டு ஓடுறாங்க. சிவப்பு மனுஷன் நிக்கிறான், அதைக்கூடப் பாக்கலை. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்தேன். விரதத்துல வேற இருந்தாங்களா, பேசிட்டோமேன்னு வாயைப் பொத்திக்கிட்டாங்க."

வாசுகி அழுதுகொண்டே சிரித்தார். அவர் கணவர் வெளிப்படையாகவே சிரித்தார். நான் என் காப்பிக் கோப்பையைப் பற்றிக்கொண்டு, தத்துவ ஆசிரியன் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தேன்: வரிசையை ஆராய்ந்தேன். உலகம் அவளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. சாலை வருமுன், எதிரில் நின்ற மனிதர் வருமுன், தன் சொந்தப் பெயர் வருமுன், என் பசி வந்திருக்கிறது. பிரம்மத்திலிருந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்த முதல் மாயை நான்தான். சாத்திரப்படி பார்த்தால் இது எனக்கு மிகப்பெரிய இழுக்கு. அதற்குமேல் ஒரு கௌரவத்தை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்கு அளித்ததில்லை.

"நீங்க ஏன் புரொஃபசர் பொறாமைப்படுறீங்க?" என்றார் சேவியர், நான் வாய்விட்டுச் சொல்லாததைக் கேட்டுவிட்டவரைப் போல. "அன்னைக்கு எனக்கு அது வந்துச்சே, மணி அடிச்சதும் முதல்ல எனக்கு என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமா? கார் பார்க்கிங் டைம் முடிஞ்சிருக்குமோன்னு. வீட்டுல போய்ச் சொன்னேன். தேவகி அக்கா கதை என் வைஃப் ஃபிலோமினாவுக்கு முன்னாடியே தெரியும். 'அந்த அக்காவுக்குப் புருஷன் ஞாபகம், உங்களுக்குக் காரா?'ன்னு கேட்டா. அன்னையிலேருந்து சரியாப் பேசலை."

அந்தத் தகவல் எனக்கு அளித்த நிறைவை நான் வெளிக்காட்டவில்லை என்றே நம்புகிறேன்.

முருங்கைக்காயில் பெரும் பகுதியை வாசுகி தம்பதிக்குக் கொடுத்தேன். சேவியர் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு என்னை வகுப்புக்கு அழைத்துப் போனார்; நாங்கள் நுழையும்போது எல்லாரும் கண்மூடி அமர்ந்திருந்தார்கள். மணி அடித்ததும் நடந்ததை அவரே முழுவதும் எடுத்துரைத்தார். முதல் மாயை நான்தான் என்ற என் முடிவை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். பத்மா அம்மையார் கேட்டுவிட்டு, "நல்லது" என்றார். அந்த நிலை எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் சேவியருக்கு அவ்வப்போது வாய்க்கிறது. ஒவ்வொரு முறையும் முதலில் மனைவியை நினைவுகூரக் கடுமையாகப் பயிற்சி செய்துவருகிறார். எனக்கு இன்னும் பொறாமைதான், ஆனால் பழைய அளவுக்கு இல்லை.

செய்தி எப்படியோ நிர்மலாவுக்கும் போய்ச் சேர்ந்தது. முதலில் அழுதாள்; பிறகு என்னை ஏசினாள்; பிறகு எனக்கு அந்தப் பெயரை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மார்சிலிங்கில் உள்ள அவள் வீட்டில்தான் எனக்கு மதிய உணவு. சமையல் தாமதமானால் கூடத்திலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுப்பார்: "நிர்மலா, மாயைக்குப் பசி வந்துடுச்சு!"

சென்ற ஞாயிறு என் பேத்தி பக்கத்தில் வந்து அமர்ந்து, "தாத்தா, மாயைன்னா என்ன? சொல்லுங்க" என்றாள். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமினேன். அதற்குள் நிர்மலா அடுப்படியிலிருந்து ஓடிவந்து சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டாள்.